தெருவுக்குத் தெரியாத மாப்பிள்ளை

என் உத்தியோகத்துக்குப் பாதசாரி நல அலுவலர் என்று பெயர். சென்னையில் பாதசாரி என்று ஒருவர்கூட இல்லாமல் செய்துவிடுவதுதான் பாதசாரிகளுக்குச் செய்யக்கூடிய பெரிய நலம் என்பது எங்கள் நகர்வுக் கழகத்தின் நம்பிக்கை. அந்தக் கணக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நலம் அமோகமாகப் பெருகியிருந்தது. கடைசியில் ஒரே ஒரு அம்மாள்தான் பாக்கி.

நடப்பவர்களே கிடையாது என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வீடு ட்ரெட்மில் இருக்கிறது. எதிரே திரையில் மெரினாவைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் நானும்தான் வியர்க்க வியர்க்க நடக்கிறேன். அதை முடித்துவிட்டு வாசலுக்கு வந்தால் பெட்டி நிற்கும்.

கார் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, பெட்டிதான். ஓட்டுபவர் கிடையாது, ஹாரன் கிடையாது. ஒரு வாசலில் ஏற்றி இன்னொரு வாசலில் இறக்கிவிடும். கண்ணாடியில் வெளியே தெரிவதற்குப் பதிலாக அருவி, பனிமலை, நமக்குப் பிடித்த சினிமா எது வேண்டுமானாலும் ஓடும். ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் ஓட்டுவது 'வழித்துணை' என்ற ஒரே மூளை. தெருவில் நடக்கிற ஆள் அடுத்த அடியை எங்கே வைப்பார் என்று அதற்குத் தெரிந்தால் பெட்டிகள் பறக்கும். தெரியாவிட்டால், இடித்துவிடுவோமோ என்ற பயத்தில் அந்த வட்டாரமே ஊரும். மாடுகளை அது எப்போதோ படித்துவிட்டது. நாய்களையும் படித்துவிட்டது. பிலோமினா என்ற அந்த அம்மாளைத்தான் படிக்க முடியவில்லை.

"இங்க பாருங்க பரிதி" என்று எங்கள் மேலதிகாரி கலாவதி மேடம் திரையைக் காட்டினார். நடப்பவர் திரையில் ஒரு மஞ்சள் புள்ளி. அது நேராகப் போனது, நின்றது, வந்த வழியே திரும்பியது, ஒரு மரத்தடியில் வெகுநேரம் நின்றது, பிறகு முதலில் விட்ட சந்துக்குள்ளேயே மறுமுனை வழியாக நுழைந்தது. "ஒரு மாசமா அயனாவரம் பக்கத்தையே சுத்திச் சுத்தி வருது. ஆபீஸ் போற நேரத்துல அத்தனை பெட்டியும் நத்தை மாதிரி போகுது. மாடுகூட இதைவிட ஒழுங்கா நடக்கும்."

"என்ன பண்ணணும் மேடம்?"

"எங்க போறாங்க, எதுக்குப் போறாங்கன்னு கேட்டுட்டு வாங்க. காரணம் தெரிஞ்சா வழித்துணை கத்துக்கும். சொல்ல மாட்டேன்னா தடை போட்டுடலாம். கையெழுத்து நீங்கதான் போடணும்."

இதை எடுத்துச் செய்கிற மனநிலையில் நான் இல்லை. எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் சம்யுக்தா, வீடு கீழ்ப்பாக்கம், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். இந்தக் காலத்துப் பெண் பார்ப்பதும் பெட்டியில்தான். பெரியவர்கள் பின்னால் ஒரு பெட்டியில், நாங்கள் இருவரும் முன்னால் ஒன்றில், கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று. அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"உங்களுக்குக் கோபம் வருமா?"

"வரவே வராது" என்றேன். பெட்டி மெச்சிக்கொண்டு மெல்ல மணியடித்தது.

பெட்டிக்குக் காது உண்டு. உள்ளே குரலை உயர்த்தினாலோ சீட்டை உதைத்தாலோ நம் பண்புக்குப் பெட்டி போடும் எண், அதாவது பண்பெண், குறையும். குறைந்தால் மழை நாளில் வாசலில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான், பெட்டி வராது. அதனால் இந்த ஊரில் பெட்டிக்குள் எல்லோரும் தங்கமான மனிதர்கள். சம்பந்தம் பேசும்போது ஜாதகத்தோடு பண்பெண்ணையும் பார்க்கிறார்கள். என்னுடையது பிரமாதமான எண், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படியிருந்தும் பெண்ணின் அம்மா, "சொல்லி அனுப்புறோம்" என்று சொன்னதோடு சரி. ஒரு மாதமாக ஒரு பேச்சும் இல்லை. எனக்குச் சம்யுக்தாவைப் பிடித்திருந்தது. கண்ணாடியில் ஓடிய அருவியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே நிஜக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாளே, அந்தப் பக்கவாட்டு முகம் மனசை விட்டுப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் பிலோமினாவைப் பிடிக்கப் புரசைவாக்கம் போய் இறங்கினேன்.

ரெக்ஸின் பை, ரப்பர் செருப்பு, கறுப்புக் குடை. ஐம்பதை நெருங்கும் வயது. வளையல் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டீக்குக் காசு கொடுத்த மாதிரி தெரியவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்க்க என் மூஞ்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"நீங்க இன்னா சார், ஆபீஸா?"

"ஆமாங்க. பாதசாரி நல அலுவலர்."

"நான் நல்லாத்தான் கீறேன். போய்ட்டு வாங்க."

"நீங்க எங்க போறீங்க, எதுக்குப் போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. சொல்லலைன்னா தடை போட்டுடுவாங்க."

"வாயால சொல்ற வேலையில்ல சார் இது. கூட நடந்து வாங்க, தெரியும். கால் கீதுல்ல?"

கால் இருந்தது. இத்தனை வருஷம் ட்ரெட்மில்லில் நடந்த கால். ஆனால் ட்ரெட்மில்லில் உடைந்த கல் கிடையாது, மூடியில்லாத சாக்கடை கிடையாது, மரத்தின் வேர் கிடையாது, தலைக்கு மேலே சூரியன் கிடையாது. நடைபாதை இருந்த இடத்தில் பெட்டிகள் வரிசையாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். ஓட்டேரி வருவதற்குள் மூச்சு வாங்கியது. என்னைக் கடந்த பெட்டிகள் எல்லாம் தயங்கித் தயங்கிப் போயின. உள்ளே இருந்தவர்கள் நிச்சயம் என்னைத் திட்டியிருப்பார்கள், மனசுக்குள்தான்.

"தரையப் பாத்து நட சார்" என்றவர், நான் இரண்டாவது தடவை தடுக்கியதும், "இன்னா தம்பி, பச்சப்புள்ளயாட்டம் நடக்கற" என்று உறவை மாற்றிக்கொண்டார்.

ஒரு தெருவில் பச்சை கேட் வீட்டுக்கு நேராகப் போனவர், அதைத் தாண்டி வெகுதூரம் நடந்து, கோடி வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "இங்க ஏதாச்சும் வூடு வாடகைக்கு வருதா கண்ணு?" என்றார். பேச்சு வீட்டுவாடகையில் தொடங்கி, தண்ணீரில் நனைந்து, எப்படியோ பச்சை கேட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பையன் பூனை வளர்க்கிறான், பெட்டி வர நேரமானால் வாசலில் உட்கார்ந்து பூனையிடம் நியாயம் பேசுவான் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தெருவைத் தாண்டியதும், "பச்சை கேட் வீட்டைப் பத்தித்தானே கேட்கணும்? நேராவே கேட்கலாமே" என்றேன்.

"நேரா கேட்டா தெருவே உஷாராயிடும். எந்த வூட்டப் பத்தி விசாரிக்கறோம்னு தெருவுக்குத் தெரியக் கூடாது. அதான் முன்னால போயி, பின்னால வந்து, சம்பந்தமில்லாத எடத்துல நின்னு, சம்பந்தமில்லாம பேசணும்."

எனக்கு விளங்கிவிட்டது. "கல்யாண விசாரணையா?"

"வேற இன்னாத்துக்கு இந்த வெயில்ல நடக்கறேன்? வேண்டுதலா?"

உலகத்திலேயே புத்திசாலியான மூளை ஏன் இந்த அம்மாளிடம் தோற்றது என்று இப்போது புரிந்தது. அவர் போகிற இடம் தெரியக்கூடாது என்பதற்காகவே நடக்கிறவர். அதுதான் அவர் தொழில்.

"ஆனா அக்கா, இப்ப பண்பெண் இருக்கே. பொய் சொல்லாதே அது."

பிலோமினா குடையை மடக்கிவிட்டு ஒரு புங்கமரத்து நிழலில் நின்றார்.

"போன வருஷம் ஒரு பொண்ணு. நம்பரப் பாத்தே கட்டிக் குடுத்தாங்க. அப்டி ஒரு நம்பர். பையன் பொட்டிக்குள்ள சாமியாரு. வூட்டுக்குள்ள போய் கதவ மூடினதும்தான் வாயத் தொறப்பான், கையயும் தொறப்பான். வெளிய வந்து பொட்டில ஏறினா திரும்பவும் சாமியாரு. அந்தப் பொண்ணு போய்ச் சொன்னா யாரும் நம்பல. நம்பரு அப்டி. அக்கம்பக்கத்துல கேட்டா எங்களுக்குத் தெரியாதுன்னுட்டாங்க. நெசமாவே தெரியாது தம்பி. யாரு யாரப் பாக்கறாங்க?"

"அந்தப் பொண்ணு இப்ப?"

"அம்மா வூட்ல. பேசறதே இல்ல. அதான் தங்கச்சிக்குப் பாக்கும்போது அந்தம்மா என்னத் தேடி வந்துச்சு. நம்பர் வேணாம் பிலோமினா, தெரு இன்னா சொல்லுதுன்னு கேட்டுட்டு வான்னு. ஒரு மாசமா அலையறேன், ஒண்ணும் கெடைக்கல. இப்ப அங்கதான் போறோம், வா."

கடைசித் தெருவுக்குள் நுழைந்தோம். வேப்பமரங்கள், ஒரு அம்மன் கோயில், ஒரு தையல் கடை. நல்ல தெருவாகத்தான் இருந்தது. வெயிலுக்கு இதமாக நிழலும் இருந்தது.

"நல்லா இருக்கே, இது எந்தத் தெரு அக்கா?"

பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலே நடந்தார்.

மரத்தடியில் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தவர் பெயர் டில்லிபாபு என்று பிலோமினா கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. வழக்கம்போல எங்கேயோ ஆரம்பித்து, பக்கத்து வீட்டைச் சுற்றி, "அந்த மொட்ட மாடி வூட்ல ஒரு பையன் கீறானாமே?" என்று வந்து நின்றார்.

"அட, ஏன்க்கா திரும்பத் திரும்ப அந்த வூட்டையே கேக்கற?" என்று டில்லிபாபு சலித்துக்கொண்டார். தொழில் ரகசியம் ஒரு மாதத்தில் கந்தலாகியிருந்தது. "அந்த வூட்டுச் சட்டைங்கள நல்லாத் தெரியும். நீலம் ஜாஸ்தி. மூணாவது பட்டன் எப்பவும் லூசு. கேட்ல பையில மாட்டி வெப்பாங்க, தேச்சு அங்கயே மாட்டிடுவேன். ஆளு எப்டின்னா எனக்கு இன்னா தெரியும்? பொட்டி வரும், போவும். உள்ள மனுஷன் கீறானா, சட்ட மட்டும் போவுதான்னே தெரியாது."

"சட்டைக்கா பொண்ணு குடுப்பாங்க?" என்றார் பிலோமினா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வண்டியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த சட்டை. மூன்றாவது பட்டனைப் பார்த்தேன். தலையைத் தூக்கி மொட்டை மாடி வீட்டைப் பார்த்தேன். மாடியில் என் அம்மா வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டி எப்போதும் மறுமுனையிலிருந்துதான் வரும். நான் கண்ணாடியில் பனிமலை போட்டுக்கொண்டு போவேன். பிறந்து வளர்ந்த தெருவை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

டில்லிபாபு என்னைச் சாதாரணமாகப் பார்த்து, "சார் யாருக்கா, ஒன் சொந்தமா?" என்றார்.

என் தெருவில், என் வீட்டுக்கு எதிரில், என் சட்டையைத் தேய்க்கிறவர் கேட்டார். அவமானமாக இருந்தது. அதைவிட, துக்கமாக இருந்தது.

கோயில் சுவரோரம் வந்ததும், "அக்கா, நான் யார்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?" என்றேன்.

"போட்டோ குடுத்துருக்காங்கல்ல. ஒரு மாசமா உன்னத் தேடி நான் அலையறேன், நீ இன்னாடான்னா ஆபீஸ்லேந்து என்னத் தேடி வந்து நிக்கற. கர்த்தரே அனுப்சாருன்னு நெனச்சேன்."

அயனாவரம் முழுக்கப் பெட்டிகள் ஊர்ந்ததற்குக் காரணம் இந்த அம்மாள் அல்ல, நான்தான் என்பது மெதுவாக உறைத்தது.

"நீங்க சொன்ன அந்தப் பொண்ணு... சம்யுக்தாவோட அக்காவா?"

பிலோமினா தலையை ஆட்டினார்.

"நான் அப்படிப்பட்டவன் இல்லக்கா."

"இல்லன்னு யாரு சொல்லுவா? நல்ல வார்த்த நாலு வேணாம் தம்பி. ஒன்னப் பத்திக் கெட்ட வார்த்த சொல்லவாச்சும் ஒரு ஆளு வேணாமா?"

"இவ்வளவு தூரம் என்கூட நடந்தீங்களே. நீங்களே சொல்லுங்களேன்."

"நான் பாத்தத நான் சொல்லக் கூடாது. தெரு சொல்றதத்தான் சொல்லணும். தொழில் அது. இல்லன்னா நாளைக்கு நீ ஒரு டீ வாங்கிக் குடுத்தா நான் உன்ன உத்தமன்னு சொல்லிடுவேன். எனக்கு டீ வேற ரொம்பப் புடிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "அவங்ககிட்ட இன்னும் கொஞ்ச நாள் டைம் கேக்கறேன். மீதி உன் சாமர்த்தியம்."

மறுநாள் கலாவதி மேடம் முன்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால் வேலை சுலபமாக முடிந்துவிடும். வழித்துணைக்குத் தெரிந்தால் பெட்டிகளுக்குத் தெரியும். பெட்டிகளுக்குத் தெரிந்தால் எந்தத் தெருவில் யாரைப் பற்றி விசாரணை என்று எல்லா மாப்பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் தெருவிலும் எல்லோரும் தங்கமான மனிதர்கள் ஆகிவிடுவார்கள். சம்யுக்தாவின் அக்கா மாதிரி இன்னொரு பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

"சும்மா காத்து வாங்க நடக்கிறாங்க மேடம்."

"காரணமே இல்லாம யாராவது நடப்பாங்களா?"

"அதான் எனக்கும் புரியல. நானும் கொஞ்ச நாள் நடந்து பார்த்தா பிடிபடும்னு நினைக்கிறேன். ஆய்வு மாதிரி."

மேடத்துக்கு ஆய்வு என்ற சொல் பிடிக்கும். தடை உத்தரவு மேசையிலேயே கிடந்தது. திரையில் இரண்டாவது மஞ்சள் புள்ளி முளைத்தது.

நடக்க ஆரம்பித்தபோது தெருவில் என்னை ஒருவரும் மதிக்கவில்லை. தையல் கடைக்காரர் நான் வழி தவறிவிட்டதாக நினைத்துப் பெட்டி கூப்பிடட்டுமா என்று கேட்டார். கோயில் வாசலில் பூக்கட்டும் பெண் நான் உளவு பார்ப்பதாகவே முடிவு கட்டினாள். ஒரு வாரம் போனதும் பேச்சு வந்தது. அதன் பிறகு பேச்சு நிற்கவே இல்லை. நான் காலையில் உர்ரென்று இருப்பேன் என்பது எனக்கே தெருவில்தான் தெரிந்தது. தையல்காரரிடம் அரசியல் பேசித் தோற்றேன். மாவு மிஷின் வாசலில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, தெரியாத நாலு பேர் என் கல்யாணத்தைப் பற்றி என் எதிரிலேயே விவாதித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று இருந்தது.

கோபம் வரவே வராது என்று சொன்னவனுக்கு அங்கேதான் அதுவும் வந்தது. டில்லிபாபு என் நல்ல சட்டையின் காலரைக் கருக்கிவிட்டார். நட்டநடுத் தெருவில் நின்று கத்தினேன். அவரும் திருப்பிக் கத்தினார். மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். எந்தப் பெட்டியும் பண்பெண்ணைக் குறைக்கவில்லை. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம்.

அதற்கு மறுநாள் அலுவலகத்தில் மேடம் குரல் கொடுத்தார். "பரிதி, இங்க வாங்க. இது யாரு புதுசா?"

மூன்றாவது மஞ்சள் புள்ளி. அந்த நடை வழித்துணையின் பதிவிலேயே இல்லை, அதனால் பெயர் வரவில்லை. கீழ்ப்பாக்கத்தில் புறப்பட்டிருந்தது. கொஞ்ச தூரம் வந்து நின்றது, திரும்பியது, யோசித்தது, மறுபடி வந்தது. அயனாவரத்தில் என் தெருவைத் தாண்டிப் போனது. பிறகு தவறான முனை வழியாக உள்ளே நுழைந்து, வேப்பமரத்தடியில், இஸ்திரி வண்டி இருக்கிற அதே இடத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சுற்றிலும் பெட்டிகள் எல்லாம் மெதுவாயின.

ஊரில் ஆயிரம் பேர் இருக்க, இன்றைக்குப் போய் அந்த மனுஷனிடமா கேட்க வேண்டும்?

"யாருன்னு கேட்டேன்" என்றார் மேடம்.

"தெரியல மேடம். விசாரிச்சுச் சொல்றேன்."

சாயங்காலம் நடந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"உங்களுக்குக் கோபம் வரவே வராதுன்னு சொன்னீங்க" என்றாள் சம்யுக்தா. "சட்டைக் காலருக்காக அந்த அண்ணனைப் பிடிச்சுக் கத்தினீங்களாமே. தெருவே கூடிடுச்சாம்."

என்னென்னவோ சமாதானம் வாய் வரைக்கும் வந்தது. "ஆமா. கத்தினேன்" என்றேன்.

"அப்புறம்?"

"அவரும் கத்தினார். அவ்வளவுதான்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இல்ல. இன்னும் கேட்கல."

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் கத்தினது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள். "நீங்க கத்தினது ஒரு தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. போய் முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. நாளைக்கு மறுபடி வந்து விசாரிப்பேன்."

போனை வைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைச் சுற்றி ஒரு பெட்டி பயந்து பயந்து போனது.

டில்லிபாபு கரியை அணைத்துவிட்டு வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, நான் வாயைத் திறப்பதற்குள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இன்னா சார், பொண்ணு போன் பண்ணிச்சா?"

முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் ஆமாம் என்றேன்.